வெளுத்துப்போன ரோஸ் குவார்ட்ஸ்

“போச்சு! சுத்தமா வெளுத்துப் போச்சு!”

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ரோஸ் குவார்ட்ஸ் கல்லைப் பார்த்து அருங்காட்சியகக் காப்பாளர் போனில் தன் மனைவியிடம் அலறினார். சாயங்காலம் இயக்குநர் மனைவியோடு வருகிறார். காதல் கைகூட வைக்கும் கல் என்று நம்பி, அந்தக் காலத்தில் இதன் முன்னால் நின்றுதான் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டாராம். இன்று அவர்களுக்குத் திருமண நாள்.

“வெயில் பட்டா நிறம் மங்கும்னு ஊருக்கே சொல்வீங்களே, அப்புறம் ஏன் ஜன்னலோரம் வச்சீங்க?” என்றாள் காப்பாளரின் மனைவி.

“வெளிச்சத்துல அழகா இருக்கும்னு…”

எண்ணெய் தடவிப் பார்த்தார். கல் பளபளத்தது, கூடவே கையை விட்டு வழுக்கி, பெட்டியில் உரசி நீளமாக ஒரு கோடு போட்டது. ‘இந்தக் கல் கண்ணாடியையே கீறும்’ என்று பக்கத்துப் பலகையில் எழுதி வைத்தவரும் அவர்தான். கோட்டை மறைக்கச் சிவப்பு பல்பு மாட்டினார். அறையே கசாப்புக் கடையாகிவிட்டது.

“எதையும் தொடாதீங்க, வந்துட்டேன்!” மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ரோஸ் நிற நெய்ல் பாலிஷ்.

“இது மோசடிடீ!”

“மோசடி இல்லீங்க, மேக்கப்பு.”

ஆளுக்கொரு பக்கமாகப் பூசி முடிப்பதற்கும் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. பல்பைக் கழற்றினார்; கல்லை ஊதி ஊதி மூச்சு வாங்கினார்.

“அப்படியே இருக்குங்க!” இயக்குநரின் மனைவிக்குக் கண் கலங்கியது.

காப்பாளருக்குப் போன உயிர் திரும்பியது. “பூமிக்கடியில பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது உருவானதும்மா. உள்ளே இருக்கிற நுண்ணிய இழைகள்தான் இந்த நிறத்துக்குக் காரணம். மணி, மாலை, சிலைன்னு எல்லாம் செய்வாங்க…”

“உள்ளே ஈ கூட இருக்கே!” என்றாள் இயக்குநரின் மனைவி.

“ஈயா?” இயக்குநர் துள்ளினார். “கோடி வருஷத்து ஈ! பேப்பர்காரங்களைக் கூப்பிடுய்யா!”

“பாறைக்குழம்புல ஈ எப்படிங்க சார்…”

“ஐயோ, காலை ஆட்டுதுங்க!”

இயக்குநர் கல்லையும் காப்பாளரையும் மாறி மாறிப் பார்த்தார். காப்பாளரின் மனைவி பாய்ந்து ஈயைத் தட்டிவிட்டாள். “மேலதாங்க உக்காந்திருந்துச்சு,” என்று சிரித்தவள், ரோஸ் நிறமாகிவிட்ட விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

இயக்குநரோடு வந்திருந்த பழைய காப்பாளர் மெல்லக் கல்லை முகர்ந்தார். போன வருஷம் ஓய்வு பெற்றவர், மனிதர் கெட்டிக்காரர். காப்பாளரின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

‘தொலைந்தேன்!’ காப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நெய்ல் பாலிஷெல்லாம் சரிப்படாது தம்பி,” என்று காதோடு சொன்னார் பெரியவர், “நான் மாசாமாசம் பெயின்ட்தான் அடிப்பேன், வந்த நாள்லேருந்தே இது வெள்ளைக் கல்லாச்சே!”