சாக்ஸ் அண்ணன்

காஞ்சிபுரத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று சாமி, இன்னொன்று சேலை. மூன்றாவதாக ஜாஸ் சங்கீதத்தையும் சேர்த்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைந்தவர், இந்த ஊர் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை ஒருவர்தான். அவர் செவிலிமேட்டில் என் எதிர்வீட்டில் குடியிருந்தார். அது உங்கள் பாக்கியம் என்று சிலர் என்னிடம் சொன்னதுண்டு. அப்படிச் சொன்னவர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியிருந்ததில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. தெருவுக்கு அவர் சாக்ஸ் அண்ணன். குடிவந்த புதிதில் பால்காரரிலிருந்து கவுன்சிலர் வரை எல்லாரிடமும், "எனக்கு சாக்ஸுன்னா உசுருபா" என்று சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார். அவர் சொன்னது சாக்ஸபோன் என்ற ஊதும் வாத்தியத்தை. கேட்டவர்கள் புரிந்துகொண்டது காலில் போடுகிற சமாசாரத்தை. தமிழில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். இதில் யாரைக் குற்றம் சொல்ல? பொங்கல், தீபாவளி, புத்தாண்டு எதுவானாலும் அக்கம்பக்கத்தார் அன்போடு அவருக்கு சாக்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். மனிதர் ஆயுசு முழுக்க ரப்பர் செருப்பு. அத்தனை சாக்ஸும் அலமாரியில் இசைத்தட்டுகளுக்கு இடையே ஒன்றோடொன்று உரசாமலிருக்கச் செருகப்பட்டன.

இளவயதில் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் விருந்துக்கூடத்தில் வேலை பார்த்தாராம். அங்கே வாராவாரம் வந்து வாசித்த ஜாஸ் கோஷ்டி அவரைக் கடித்துவிட்டது. விஷம் இறங்கவே இல்லை. பிறகு ஊருக்குத் திரும்பி ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜரானார். நாதஸ்வரம், பேண்டு செட், மெல்லிசை என்று முகூர்த்தம் தவறாமல் காதில் விழுந்துகொண்டே இருக்கிற வேலை. மனமோ அமெரிக்காவில். அங்கே வாசித்து மறைந்த மேதைகளை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவே மாட்டார். "நம்ம பெரியவர்", "அந்தக் கண்ணாடிக்காரர்", "சின்னவரு" என்று சொந்தக்காரர்களைப் போலத்தான் பேசுவார். கன்னம் உப்ப ஊதுகிற ஒரு பெரியவரின் படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. மாகறலிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், பல்வலியிலயே போயிட்டாரா?" என்று கேட்டார்.

ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பதற வேண்டாம். எனக்கும் தெரியாது. ஒருமுறை என்னையும் சென்னைக்கு அழைத்துப் போனார். மேடையில் நாலு பேர் நாலு திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். மரியாதைக்காக ரொம்ப நேரம் பொறுத்திருந்து, "இன்னுமா சுதி சேர்க்கறாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பாதிக் கச்சேரி முடிஞ்சிபோச்சு தம்பி" என்றார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் ஒருவர் மட்டும் தனியாக வாசிக்க, மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். இதற்கு சோலோ என்று பெயர். அவர் வாசித்து முடித்ததும், பாட்டு முடியாவிட்டாலும், சபை கைதட்ட வேண்டும். அண்ணன் இந்த வழக்கத்தை அப்படியே மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுவந்தார். கருட சேவைக் கூட்டத்தில் தவில்காரர் தனியாக வெளுத்து வாங்கியபோது கைதட்டினார், அது நியாயம். மணவறையில் ஐயர் மூச்சுவிடாமல் மந்திரம் சொல்லி நிறுத்தியபோதும் கைதட்டினார். மண்டப முதலாளி கூப்பிட்டுக் கண்டித்தார். முதலாளி கண்டித்து முடித்த விதம் நன்றாக இருந்ததால் அதற்கும் தட்டினார்.

ஆனால் இந்தக் கைதட்டல் ஒரு கல்யாணத்தையே காப்பாற்றியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வடைக்கு உப்பில்லை என்று பெண்ணின் மாமா ஆரம்பித்து, மாப்பிள்ளை வீட்டாரின் மூன்று தலைமுறையையும் இழுத்து, குரல் ஏறி இறங்கி, கடைசியில் "எழுந்து வாங்கடா எல்லாரும்!" என்று முடித்தார். மண்டபமே உறைந்து நின்றது. பின்னாலிருந்து அண்ணன் கைதட்டி, "அப்பா! இன்னா சோலோபா!" என்று கத்தினார். முதலில் மாப்பிள்ளைதான் சிரித்தான். பிறகு எல்லாரும் உட்கார்ந்து அதே வடையைத் தின்றார்கள்.

இவருக்கு வாய்த்த மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண். சத்தம் அவருக்குப் பழக்கம்தான். ஆனாலும், "எங்கப்பா ஊட்ல மூணு தறி ஒண்ணா ஓடும் தம்பி. அதுல கூட ஒரு ஒழுங்கு இருந்துது. இது இன்னா, ஆளாளுக்கு அடிச்சிக்கினு?" என்பார். ஒருநாள் விடியற்காலையில் அண்ணன் கூடத்து ஸ்பீக்கரை அலறவிட, அக்கா தடை உத்தரவு போட்டார். இனி வீட்டில் ஹெட்போன் மட்டும்தான். அண்ணன் பல நாள் முறையிட்டார். கடைசியில் அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்.

"இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளு, ஒரே ஒருத்தரு, இத்த முழுசா உக்காந்து கேக்கட்டும். அன்னிலேர்ந்து ஸ்பீக்கர் போட்டுக்குங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"தம்பி இருக்காரேமா!" என்று என்னைக் காட்டினார் அண்ணன்.

"அவரு நம்ம ஊட்டு காபிக்காக எதையும் கேப்பாரு. அவரு கணக்குல வர மாட்டாரு. தூங்குனாலும் கணக்குல வராது."

அண்ணனுக்கு இது வெறும் ஸ்பீக்கர் விஷயம் இல்லை. "முப்பது வருஷமா தனியா கேட்டுக்கினு இருக்கறேன் தம்பி" என்று படியிறங்கும்போது சொன்னார். "பக்கத்து நாற்காலில ஒரு ஆளு வேணும். அவ்ளோதான்." அவர் வேடிக்கை இல்லாமல் பேசி அன்றுதான் கேட்டேன். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் காற்று வாங்கும். முதலாளி ஒரு சாயங்காலத்துக்குச் சும்மா தர ஒப்புக்கொண்டார். சென்னையில் வாசிக்கிற நாலு பையன்களுக்கு அண்ணன் மேல் பிரியம். எந்தக் கச்சேரியிலும் முதல் வரிசையில் ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருப்பவரை யார்தான் மறப்பார்கள்? இலவசமாகவே வாசிக்கிறோம், கோயில் இட்லி மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் விழா. மண்டபத்து நாற்காலிகளில் கொஞ்சத்தை அவர்களுக்கு இரவல் கொடுத்து, கச்சேரி நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியை நிறுத்திவைக்க ஏற்பாடு செய்தார். எல்லாம் கச்சிதம். பேனர் ஒன்றைத்தான் போனில் சொல்லிவிட்டார்.

"மாபெரும் சாக்ஸ் கச்சேரி, அனுமதி இலவசம். சாக்ஸ் படம் மட்டும் பெர்சா போட்டுடுபா."

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் சொன்னதைச் செய்தார். கச்சேரியன்று காலையில் மண்டப வாசலில் எழும்பி நின்ற பேனரின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு நீலக்கோடு போட்ட பள்ளிக்கூட சாக்ஸ். நடுவில் 'மாபெரும் சாக்ஸ்' என்பதும் 'இலவசம்' என்பதும் கொட்டை எழுத்தில். இடம் பற்றாமல் 'கச்சேரி'யும் 'அனுமதி'யும் எறும்பு அளவில். மாதமோ ஆடி. ஊரெல்லாம் தள்ளுபடி. கல்யாண மண்டபங்களில் துணி விற்பனை போடுகிற மாதம். எந்தக் காஞ்சிபுரத்துக்காரர் இதை வேறு மாதிரி படிப்பார்?

"கழட்டச் சொல்லட்டுமாண்ணா?" என்று பதறினேன்.

அண்ணன் பேனரை ஏற இறங்கப் பார்த்தார். "வுடு தம்பி. கூட்டம் வரட்டும். வந்தவங்கள பாட்டு உக்கார வெச்சிடும்."

கூட்டம் வந்தது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டைப்பையோடு, குடும்பம் குடும்பமாக வந்தது. மண்டபம் நிறைந்து வழிந்தது. அண்ணன் வாசலில் நின்று பெண்ணைப் பெற்றவர் மாதிரி பன்னீர் தெளித்தார். அக்கா மட்டும் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தார்.

பையன்கள் ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா, தன் மகனின் ஷூவைக் கழற்றி அளவுக்குத் தயாராக வைத்திருந்தார். நடுவில் பெரிய தந்திவாத்தியக்காரன் தனியாக வாசிக்க, மற்ற மூவரும் ஒதுங்கினார்கள். ஒருவர் எழுந்து, "மத்தவங்களுக்கு கரண்ட் போச்சா?" என்றார். முதல் பாட்டு முடிந்ததும் அந்த அம்மா எழுந்தார்.

"எப்பபா குடுப்பீங்க?"

"இன்னாது?" என்றார் அண்ணன்.

"சாக்ஸு!"

"இதோ குடுத்துக்கினுதானமா இருக்காரு!" என்று ஊதுகிறவனைக் காட்டினார் அண்ணன்.

அந்த அம்மா மேடையைப் பார்த்தார், மகன் காலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு ஷூவை மாட்டிவிட்டுக் கிளம்பினார். அவர் பின்னால் மண்டபமே கிளம்பியது. அடுத்த பாட்டு முடிவதற்குள் மிஞ்சியவர்கள் இருவர்.

ஒருவர் அம்மன் கோயில் தவில்காரர். கண்ணை மூடி, தலை அசைந்துகொண்டிருந்தது. "பாத்தியா, வித்துவானுக்குத்தான் தெரியும்" என்று அண்ணன் என் கையைக் கிள்ளினார். இந்த இடத்தில் தவில்காரர் மேடையேறி, டிரம்ஸ்காரரோடு போட்டி போட்டு, கிழக்கும் மேற்கும் கட்டித் தழுவியதாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் குறட்டை விட்டார். பின்வரிசையிலிருந்து அக்கா, இது செல்லாது என்று கையை ஆட்டினார்.

இன்னொருவர் சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்த பெரியவர். அண்ணனின் முழு நம்பிக்கையும் அவர் மேல் போய் நின்றது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார், மின்விசிறியைத் திருப்பி வைத்தார். கடைசிப் பாட்டுக்கு முன்னால் பெரியவர் சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கி, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வரேன்பா" என்று போய்விட்டார்.

அண்ணன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். பையன் கடைசிப் பாட்டை மெதுவாக ஊதினான். சோகமாக இருந்தது என்பதுவரை எனக்கே புரிந்தது. பக்கத்து நாற்காலி காலி. அதில் போய் நான் உட்கார்ந்தாலும் கணக்கில் வராதே என்று எனக்கு அழுகை முட்டியது.

பாட்டு முடிந்தது. அண்ணன் கைதட்டினார். நானும் தட்டினேன். பின்னாலிருந்தும் ஒரு ஜோடிக் கை தட்டியது. திரும்பிப் பார்த்தோம். அக்கா. தீர்ப்பு சொல்ல வந்தவரை நாங்கள் யாரும் எண்ணவே இல்லை.

"நீ ஒருத்தி முழுசா உக்காந்திருக்க!" என்று அண்ணன் எழுந்தே விட்டார்.

"ஆமா, எனக்கு ரொம்பப் புடிச்சிதான் உக்காந்தேன்! நடுவுலயே எழுந்தேங்க. அந்தப் புள்ள மூச்சு புடிச்சு ஊதிக்கினே என்னப் பாத்துது. எழுந்து போனா அது மூஞ்சி வாடிடாது? அதான் உக்காந்துட்டேன்."

"புடிக்கணும்னு நீ சொல்லவே இல்லியே! முழுசா உக்காரணும்னுதான சொன்ன? நீ இந்த ஊருதான? தூங்கலதான?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சொன்ன சொல்லு சொன்னதுதான். போட்டுக்குங்க" என்றவர், பையன்களைப் பார்த்து, "வாங்கபா, இட்லி ஆறிப்போவுது" என்றார்.

மறுநாள் காலை தெரு அதிரப்போகிறது என்று காதில் பஞ்சோடு எழுந்தேன். சத்தமே இல்லை. மறுவாரமும் இல்லை. எதிர்வீட்டுக்குப் போனால், கூடத்தில் அண்ணன் பழையபடி ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறார்.

"ஜெயிச்சிட்டீங்களேண்ணா, ஸ்பீக்கர் போடலையா?"

ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "சத்தம் கம்மியா வெச்சுப் போட்டேன் தம்பி. போட்டா, வந்து எதிர்ல உக்காந்துக்கறா. அன்னிக்கு அந்தப் புள்ளைக்கு உக்காந்தவ உங்களுக்கு உக்கார மாட்டனா, எழுந்தா உங்க மூஞ்சி வாடிடுமேன்றா. பாட்டு முடியற வரிக்கும் எழுந்திரிக்க மாட்டேன்றா. ரெண்டு நாளா பால் பொங்கி வழிஞ்சிடுச்சு. அவளப் பாத்தா பாவமா இருந்துது. அதான்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

இப்போது இருவரும் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். அங்கே கச்சேரிக்குப் பஞ்சமில்லை. அக்காவும் கூடப் போகிறாராம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருப்பாராம். பிடித்திருக்கிறதா என்று அண்ணன் இன்னும் கேட்கவில்லை, கேட்கும் உத்தேசமும் இல்லை.

அவ்வப்போது எனக்குப் போன் வரும். ஹலோ எல்லாம் கிடையாது. மேடைப் பக்கம் போனை நீட்டிப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். போன சனிக்கிழமை செவிலிமேடு நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது வந்தது. யாரோ தனியாக ஊதிக்கொண்டிருந்தார்கள். இன்றுவரை எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊதி நிறுத்தியதும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினேன். நிறுத்தத்தில் நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து நின்றார்கள்.

பஸ் வந்தது. பாட்டு இன்னும் முடியவில்லை. பஸ்ஸைப் போகவிட்டேன். நடுவில் போனை வைத்தால் அவர் மூஞ்சி வாடிவிடும்.