கடல் தோஷக் கஞ்சி

வட்டக்கோட்டைப் பாதையில் மாட்டு வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. திரைகடல் சுவாமிகள் எழுந்தருளியிருக்கிறார் அல்லவா. நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கழுத்துக் கழலைக்காரர்கள் அதற்குள் சுவாமிகளோடு சேர்ந்துவிட்டார்கள்.

சுவாமிகளின் வைத்தியம் மகா எளிது. கமண்டலத்திலுள்ள மஞ்சள் நிறத் தீர்த்தத்தில் துணியை நனைப்பார். கழுத்தைத் துடைப்பார். வெள்ளைக் கஞ்சித் தண்ணீரில் பிழிவார். கஞ்சி கருநீலமாகும். கடல் தோஷம் இறங்கிவிட்டதாம். பிறகு நோயாளி ஒரு கிண்ணம் தீர்த்தம் குடிக்க வேண்டும். காணிக்கையை சுவாமிகள் வாயால் கேட்கமாட்டார். அதற்குச் சீடன் இருக்கிறான்.

கோட்டாற்று வத்தல் வியாபாரி கோலப்பன் மனைவி உலகம்மையைக் கூட்டி வந்திருந்தார். அவளுக்குக் கழுத்தில் புற்று. வடக்கே பெரிய ஆசுபத்திரியில் அறுத்தாயிற்று. மிச்சத்தை அழிக்கக் கதிரியக்க அயோடின் மருந்து கொடுக்க வேண்டும், அடுத்த வாரம் வா என்றிருந்தார்கள்.

"அந்தப் புற்றுக்கு அயோடின் என்றால் கொள்ளை ஆசை. பட்டினி போட்டால்தான் எங்கள் மருந்தை விழுங்கிச் சாகும். அதுவரை கடல் மீன், கருவாடு, முட்டை, பால் கூடாது. புண்ணுக்குத் தடவும் டிங்சர்கூட ஆகாது, அதிலும் அயோடின்தான்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு இதற்குப் புது விளக்கம் கண்டுபிடித்தாள்.

"கடல்ல உள்ளது ஆகாதுன்னு டாக்டரே சொல்லியாச்சுல்லா. அப்போ கடலம்மைக்கு இவ மேல கோவம்னுதானே அர்த்தம்?"

நம் ஊரில் ஒருத்தி மீன் இல்லாமல் சோறு தின்கிறாள் என்றால் தெய்வக் குற்றம் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்? தெருவே ஒப்புக்கொண்டது. கோலப்பனும்தான்.

உலகம்மையின் முறை வந்தது. நாக்குச் செத்துப்போயிருந்த அவளுக்குக் கோபம் மூக்கின்மேல் இருந்தது. துணி கழுத்தில் பட்டதும் முகத்தைச் சுளித்தாள். கஞ்சி கருநீலமானது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஏட்டி, கண்ண மூடிக்கிட்டு குடிச்சிரு" என்று கோலப்பன் கிண்ணத்தை நீட்டினார்.

"டிங்சர் நாத்தம் அடிக்கி. இதக் குடிச்சா ஆசுபத்திரி மருந்து எப்படிப் பிடிக்கும்? நான் சாகணுமா?" என்றாள். பிறகு சுவாமிகளிடம் திரும்பினாள். "சாமி, தோஷம் எங் கழுத்துலதானே இருக்கு?"

"ஆம் மகளே."

அவள் தன் முந்தானை நுனியைக் கமண்டலத்தில் முக்கினாள். பின்னாலிருந்த கோட்டைச் சுவரைத் துடைத்தாள். அடுத்த ஆளுக்கு வைத்திருந்த கஞ்சியில் பிழிந்தாள். கருநீலம்.

"பாத்துக்கிடுங்க. கோட்டைக்கும் கழலை."

ராஜா காலத்துக் கருங்கல். கடைசியாக எந்த மீனைத் தின்றதோ, பாவம்.

யாரோ சுவாமிகள் உட்கார்ந்திருந்த புலித்தோலை இழுத்தார்கள். அடியில் டிங்சர் போத்தல்கள் வரிசையாகப் படுத்திருந்தன. டிங்சரிலுள்ள அயோடின் பட்டால் எந்தக் கஞ்சியும் கருநீலமாகும். கலி முற்றிவிட்டது என்று முணுமுணுத்தபடி சுவாமிகள் ஓடினார். காணிக்கைப் பையோடு சீடன் அவருக்கும் முன்னால் ஓடினான்.

கோலப்பன் கிண்ணத்தைத் தரையில் கவிழ்த்தார். "எங் கையாலயே ஒன்னக் கொன்னுருப்பேனே" என்றார்.

"அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தியோ. வண்டியக் கட்டச் சொல்லுங்க."

கூட்டம் கலைந்தது. கூட வந்திருந்த சண்முகவடிவு மட்டும் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அது கெடக்கட்டும் மக்கா. கோட்டைக்கு எப்பிடி தோஷம் வந்துது?"

கழுத்துக்கு வைத்தியம் பார்க்க வடக்கே ஆசுபத்திரி இருக்கிறது. கழுத்துக்கு மேலே உள்ளதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.