எழுந்து வந்த தொட்டியும் கேசட்டின் மறுபக்கமும்

யாராவது "இதெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்று கேட்டால், அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு ஐப்பசி மாதம், எங்கள் வீட்டுக் கொல்லையில், கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டு நானே கண்டுபிடித்தேன். அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. திமிருக்கு அதைவிட நாலைந்து வயது கூடுதல்.

எங்கள் வீடு மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். வாசலில் இறங்கினால் தெரு, தெரு முடிந்தால் வயல், ரெண்டு வயல் தாண்டினால் காவிரி. இந்த லட்சணத்தில் கொல்லையில் ஒரு நீச்சல் குளம் வேறு. என் வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் இருந்தார். (என்ன வேலை என்று கேட்டால் "மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்" என்று என் மாமியார் மூச்சு விடாமல் சொல்வார். அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.) ஒரு சித்திரையில் லீவில் வந்தவர், சென்னையிலிருந்து லாரியில் நீல நிற ஃபைபர் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். தெருவில் கரண்ட் கம்பியைக் கழியால் தூக்கிப் பிடித்து, ஏறக்குறைய தேர் திரும்புவது போலத்தான் அது எங்கள் சந்தில் திரும்பியது. வெடித்துக் கிடந்த காய்ந்த மண்ணில் ஆளை விட்டுப் பள்ளம் வெட்டி, தொட்டியை அதில் உட்கார வைத்து, சுற்றிலும் சிமென்ட் போட்டுப் பூசினார்கள். தண்ணீர் பாதி நிரம்புவதற்குள் அவர் லீவு முடிந்துவிட்டது.

அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. ஐப்பசி மாதம் கங்கையே வந்து குளித்துவிட்டுப் போகிற காவிரி வாசலில் ஓடுகிறது, இவனுக்குக் கொல்லையில் தொட்டி கேட்கிறதா என்று மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். ஆனால் என் வீட்டுக்காரர் கிளம்பும்போது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அடுத்த வருஷம் தீபாவளிக்கு வரேன் செல்வி. காலையில எண்ணெய் தேச்சுக்கிட்டு நம்ம தொட்டியில குதிக்கணும். அதுக்கு மட்டும் தயார் பண்ணி வை."

கல்யாணமாகி அதுவரை நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் அவர் என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் இது. உயிரைக் கொடுத்தாவது செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

இங்கே கேசட் கதையைச் சொல்லியாக வேண்டும். அப்போதெல்லாம் போன் பேச வேண்டுமானால் எஸ்.டி.டி. பூத்தில் ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும். அதனால் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர் கையில் கேசட் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பக்கம் அவர் பேசியிருப்பார். திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் நாங்கள் பதில் பேசி, திரும்பிப் போகிறவரிடம் அதே கேசட்டைக் கொடுத்துவிடுவோம். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். கேசட்டைக் கூடத்தில் வைத்து எல்லாரும்தான் கேட்பார்கள் என்பதால், பெண்டாட்டியிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. எங்கள் ஆள் அதற்கு ஒரு உபாயம் வைத்திருந்தார். அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு சரசக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ரெண்டு தடவை இருமுவார். அந்த இருமல் எனக்கு.

அவர் வருவதாகச் சொன்ன வருஷம் புரட்டாசிக் கடைசியில் கேசட் வந்தது. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம். இருமல் வந்தது, உடனே கரண்ட் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் தனியாக எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் இருமல் வந்ததும் நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி இருமலைக் கேட்பேன். (சிரிக்காதீர்கள். எனக்கு அதுதான் காதல் கடிதம்.) இருமலுக்குப் பிறகும் டேப் ஓடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்துத் தெருக்காரர் மஸ்கட் கிளம்புகிறார் என்றதும், இருமலில் நின்ற கேசட்டை அப்படியே திருப்பிப் போட்டு, பதிலைப் பேசிக் கொடுத்தனுப்பினேன். தீபாவளிக்குள் தொட்டியைச் சுத்தமாக இறைத்துக் கழுவிப் பளிச்சென்று ஆக்கிவிடுகிறேன், நீங்கள் வந்து குதித்தால் போதும் என்று அதில் ஒரே ஜம்பம்.

தொட்டித் தண்ணீர் அதற்குள் பாசி பிடித்துக் கரும்பச்சையாகி, ஏழெட்டுத் தவளைகள் அதில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. அடை மழை ஒரு வாரம் கொட்டிவிட்டுக் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கடலில் அடுத்த புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் விவசாயி மகள். எங்கள் அப்பா சம்பா நட்ட வயலில், மழை வருகிறது என்றால் முதல் வேலையாக வரப்பை வெட்டி, நிற்கிற தண்ணீரை வடிகால் வாய்க்காலில் விட்டுவிடுவார். மழைக்கு முன்னால் வடித்து வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற வயசிலேயே தெரிந்துகொள்கிற விஷயம் இது. வயலுக்குச் சரியென்றால் தொட்டிக்கும் சரிதானே? அத்தை ஐப்பசிக் காவிரி முழுக்கான துலா ஸ்நானத்துக்கு மயிலாடுதுறைக்கு பஸ் ஏறியதும், அப்பா வீட்டிலிருந்து தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினையும் அதை ஓட்டுகிற கோவிந்தனையும் வரவழைத்தேன்.

கோவிந்தன் என்னைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறவர். இன்ஜினை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் மேல் உறை வரைக்கும் வந்து நின்றது.

"பாப்பா, கிணத்துல கையாலயே மொண்டுக்கலாம் போலருக்கு. பூமிக்குள்ள பூராவும் தண்ணி. நாலு நாள் பொறுத்து இறைச்சா என்ன?"

"தண்ணி வடிக்கிறது எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் இன்ஜினைக் கிளப்பினார். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்தப் பாசித் தண்ணீரை யார் வயலிலும் விடாமல் வடிகாலில் விட்டதுதான். மத்தியானத்துக்குள் தொட்டி காலியாகிவிட்டது. கோவிந்தன் டீ குடிக்கப் போனார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோப்புத்தூளும் துடைப்பமுமாக ஆழம் குறைந்த பக்கத்தில் இறங்கித் தேய்க்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் லேசாகத் தலை சுற்றுவது போல இருந்தது. (கல்யாணமான பெண்ணுக்குத் தலை சுற்றினால் என்ன நினைப்பார்களோ அதை நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் வீட்டுக்காரர் ஒன்றரை வருஷமாக மஸ்கட்டில் இருப்பது ஞாபகம் வந்தது.) அடியில் ஏதோ முனகியது. சுற்றியிருந்த சிமென்ட் படார் படாரென்று வெடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். வழக்கமாக அங்கிருந்து பார்த்தால் மதில் சுவர்தான் தெரியும். இப்போது சுவருக்கு மேலே சரசக்கா வீட்டுக் கொடியில் காய்கிற துணி தெரிந்தது. பிறகு அவர் சமையலறை ஜன்னல் தெரிந்தது. பிறகு ஜன்னலில் சரசக்காவே தெரிந்தார், கையில் கரண்டியோடு.

"ஏன் செல்வி, நீ ஏன் மேல வர்றே?" என்றார்.

எனக்கும் அதுதான் கேள்வி. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு அடி உயர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொட்டி நின்றது. ஓரத்தைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தால், பள்ளம் முழுக்க சேற்றுத் தண்ணீர் தளும்புகிறது. வெள்ளத்தில் காலி அண்டா மிதப்பதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அந்த அண்டாவுக்குள் நானே உட்கார்ந்திருந்ததால் தெரியவில்லை.

சாயங்காலம் அத்தை ஈரப் புடவைப் பையோடு வந்து சேர்ந்தார். கொல்லையில் வந்து பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. திருப்பி எடுத்துட்டுப் போறாங்களா?"

நான் அழுத அழுகையில்தான் விஷயம் அவருக்குப் புரிந்தது. அத்தைக்குத் தொட்டி பிடிக்காது, ஆனால் நான் அழுவது அதைவிடப் பிடிக்காது. இதை எப்படியாவது கீழே இறக்கிவிடலாம் என்று அவரே முன்னால் நின்றார். கோவிந்தன், சரசக்கா, தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் ஏறி நின்று மிதித்தோம். நெல் மூட்டைகளைத் தூக்கி உள்ளே அடுக்கினோம். தொட்டி அசையவில்லை. அடுத்த மூன்று நாளும் ஊர் வந்து பார்த்துவிட்டுப் போனது. பூமியிலிருந்து தானாக வந்ததா என்று விசாரித்த ஒருவர், கற்பூரம் ஏற்றலாமா என்றுகூடக் கேட்டார். எனக்கு அவமானம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மனுஷன் கேட்டது ஒரே ஒரு முழுக்கு, அதைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்பு காலையில் டாக்சி வந்து நின்றது. இறங்கியவர் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. நேராகக் கொல்லைக்குத்தான் ஓடினார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நெல் மூட்டை அடுக்கிய தொட்டியைப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். தொட்டி ஓரத்துக்குக் கீழே கையை விட்டு மண்ணைத் தடவிப் பார்த்தார். அப்புறம் ரொம்ப சாதாரணமாக, மூட்டையை எல்லாம் எடுத்துவிட்டு உள்ளே தண்ணீர் விடச் சொன்னார்.

"உள்ள இருக்கற தண்ணிதான் தொட்டியை அமுக்கிப் பிடிச்சிருக்கும். வெளியில மண்ணுல தண்ணி ஏறி நிக்கறப்ப உள்ளதை எடுத்தா அது படகு. கோடையில, கிணறு கீழ போனப்புறம்தான் இறைக்கணும். அப்பக்கூட ஒரேயடியா காலி பண்ணக்கூடாது."

சூப்பர்வைசருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் தண்ணீர் விடும் ஓஸை நேராக்கிக்கொண்டே சொன்னார்.

"அங்க மூணு தொட்டி இருக்கு செல்வி. நாலு வருஷமா நான்தான் கழுவறேன். ஒரு தடவைகூட முங்கினதில்ல. வேலைக்காரங்க இறங்கிக் குளிக்கக்கூடாது."

அத்தை உள்ளே போய் மகனுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஓஸின் இன்னொரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் ஏற ஏறத் தொட்டி கொஞ்சம் இறங்கியது. ஆனால் அடியில் மண் சரிந்துவிட்டதால் முழுக்க இறங்கவில்லை. ஒரு முனை தரையோடு இருந்தது, மறுமுனை தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் ஆள் மூழ்குகிற தண்ணீர், மறுபக்கம் தண்ணீரே எட்டாத காய்ந்த தொட்டித் தரை. தீபாவளியன்று விடிந்ததும் எண்ணெய் வழிகிற தலையோடு வந்து, அந்தச் சாய்ந்த தொட்டியில் அவர் குதித்தார். எழுந்தார், மறுபடி முங்கினார். தண்ணீரை விட்டு வெளியே வர மனசே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அத்தை தயங்கித் தயங்கி வந்து ஓரத்தில் உட்கார்ந்து ரெண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டார்.

"கங்கை காவேரிக்கு வர்ற மாசந்தானே. போற வழியில இங்கயும் எட்டிப் பாத்திருப்பா" என்றார். அன்றோடு தொட்டிமேல் இருந்த கோபம் போயிற்று.

அன்று சாயங்காலம் அவர் பெட்டியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்தார். கிளம்புவதற்கு முதல் நாள்தான் அவர் கைக்குக் கிடைத்ததாம். கூடத்தில் அத்தை, சரசக்கா, கோவிந்தன் எல்லாரையும் உட்கார வைத்து, மறுபக்கத்தை முதலிலிருந்து போட்டார். அவருடைய குரல்தான் வந்தது: "செல்வி, இந்தத் தடவை ரெண்டு பக்கமும் பேசியிருக்கேன். நான் வர்றதுக்குள்ள நீ தொட்டியைக் கழுவணும்னு நினைப்பே. மழைக்காலத்துல ஒண்ணே ஒண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் செஞ்சிடாதே. அது என்னன்னா..."

டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் என் குரல், கணீரென்று: "ஹலோ... ஹலோ... நாங்க எல்லாரும் இங்க நல்லா இருக்கோம்."

இருபது நிமிஷம் அவர் பேச்சை அழித்துக்கொண்டு நான் மாடு கன்று போட்டது முதல் தொட்டி இறைக்கப்போவது வரை பேசி முடித்ததும், மறுபடி டக். திரும்பவும் அவர்: "...அவ்வளவுதான். இது ஒண்ணை மட்டும் மறந்துடாதே." அதற்குப் பிறகு ரெண்டு இருமல். சரசக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அடுத்த கோடையில் கோவிந்தன் ஆட்களோடு வந்து தொட்டியை எடுத்து, மண்ணைச் சமன் செய்து, மறுபடி உட்கார வைத்தார். என் வீட்டுக்காரர் இன்னும் ஆறு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். இப்போது பூம்புகார் பக்கமும் தஞ்சாவூர் பக்கமும் விடுதிகளில் நீச்சல் குளங்களைப் பராமரிக்கிற காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். சூப்பர்வைசர் என்றால் இப்போது நிஜமாகவே சூப்பர்வைசர். இறங்கிக் குளிக்க ஆசைப்படுகிற வேலைக்காரர்களை அவர் தடுப்பதே இல்லை. எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது, அந்தக் கேசட் ஒன்றைத் தவிர. அதை அவர் பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், தீபாவளிதோறும் எடுத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டுவார்.

போன வாரம் மகள் கனடாவிலிருந்து வீடியோ காலில் வந்தாள். புதிதாக வீடு வாங்கியிருக்கிறார்கள், பின்னால் நீச்சல் குளமும் இருக்கிறதாம்.

"இந்தா பாரு, ஒண்ணே ஒண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் செஞ்சிடாதே. அது என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னை முடிக்கவிடவில்லை. முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து, என் குரலிலேயே சொன்னாள்: "ஹலோ... ஹலோ... நாங்க எல்லாரும் இங்க நல்லா இருக்கோம்."

என் பின்னாலிருந்து ரெண்டு இருமல் கேட்டது.