கீறல் சார் செய்த கிதார்

குறையே இல்லாத பொருள் உலகத்தில் கிடையாது என்பதைத் தினமும் எட்டு மணி நேரம், ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு மணி நேரம், நிரூபித்துக்கொண்டிருந்த ஒரே மனிதர் எங்கள் கீறல் சார்தான். முழு நிலாவைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தாலும், அங்கங்கே கறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

1991. மண்ணூர் பக்கத்தில், ஸ்கூட்டருக்குப் பக்கவாட்டுத் தகடு அடித்துப் பெயிண்ட் பூசி அனுப்பும் ஒரு கம்பெனி. நான் பெயிண்ட் ஷாப்பில், அவர் இன்ஸ்பெக்‌ஷனில். நான் பூசுவேன், அவர் குறையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவார். ஆரம்பத்தில் சாக்பீஸில்தான் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வட்டத்தை அழித்துவிட்டு அதே தகட்டை மறுபடியும் அனுப்புகிறோம் என்று கண்டுபிடித்த அன்று எனாமல் பெயிண்டுக்கு மாறினார். திருத்தவே முடியாத தகட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போடுவார்.

கேன்டீனில் விரிசல் விட்ட அப்பளத்தைத் தொடமாட்டார். கல்யாண போட்டோவில் தன் மாலை ஒரு பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருப்பதை, வீட்டுக்கு வருபவர்களுக்கு அவரே காட்டிக்கொடுப்பார். அவருடைய மனைவி காபியோடு வந்து, "ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்பார்.

ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு பிரிவும் மேடையில் ஏதாவது செய்து காட்ட வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன்காரர்கள் மட்டும் எந்த வருஷமும் செய்ததில்லை. எங்கள் சூப்பர்வைசர் தனசேகர் அண்ணன், வடக்குப்பட்டுக்காரர், வாய் சும்மா இருக்காது. அடுத்தவன் செய்வதில் குறை சொல்வது சுலபம், சொந்தமாக ஒரு பொருள் செய்து பார்த்தால் தெரியும் என்று கேன்டீனில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார்.

கீறல் சார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "செய்றேன்யா. ஆயுத பூஜைக்கு ஒரு கிதார். நானே செஞ்சு, நானே வாசிக்கிறேன்."

இருபது வருஷமாக ஊரார் வேலையை அளந்தவருடைய மானம் அந்த நிமிஷம் கிதாரில் போய் மாட்டிக்கொண்டது.

மிஷின் வந்த பெட்டியின் பலகையில் உடம்பு. வாலாஜாபாத்தில் இடித்த ஒரு வீட்டின் நிலைச்சட்டத்தில் கழுத்து. பக்கப் பலகையை வளைக்க வெந்நீர் அண்டாவில் ஊறப்போட்டதில், அவர் வீட்டில் ஒரு மாதம் எல்லோரும் மரவாசனையோடு குளித்தார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டு வார்னிஷ் அடிக்கச் சொன்னார். நாலு வருஷமாக என் வேலையில் வட்டம் போட்டவர் எதற்காக என்னைத் தேடி வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. பயந்துகொண்டே அடித்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் மதியம், வார்னிஷ் காய்ந்த கிதாரைக் கொண்டுவந்து தன் மேஜையில் ட்யூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். அங்கேதான் வினை. உளி சறுக்கிய கோடு ஒன்று. அதை மறைக்க மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த இடம் வார்னிஷுக்குப் பிறகு தேமல் மாதிரி வெளுத்துத் தெரிந்தது. நடு ஓட்டையைச் சுற்றிய வளையத்தில் ஒரு சந்து. பசைக் கையோடு பிடித்ததில் அவருடைய கட்டைவிரல் ரேகை. இப்படியே எட்டு. பழகிய கை பாருங்கள், அதுபாட்டுக்கு பிரஷ்ஷை எடுத்து எட்டையும் சுற்றி எட்டுச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டது.

போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. தின்னரால் ஒன்றைத் துடைத்தார். வட்டத்தோடு வார்னிஷும் வந்துவிட்டது. ஒன்பது.

மனிதர் ரம்பத்தை எடுத்தார். நான் ஓடிப்போய் தனசேகர் அண்ணனைக் கூட்டிவந்தேன். அவர் வந்த வேகத்தில் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"திருத்த முடியாதுப்பா. ரிஜெக்ட்."

"சவுண்டு வருதா?"

"வருது."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பார்வைக்கு மட்டும்தான் குறை, வேலைக்குக் குறையில்லை என்றால், வாங்குகிறவர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். டீவியேஷன் என்போம். அந்தச் சீட்டை நீட்டிக்கொண்டு தனசேகர் அண்ணன் கீறல் சாரிடம் கெஞ்சாத வாரம் கிடையாது.

"அப்போ வேலைக்கு ஓகே சார். பாக்கத்தான் கொஞ்சம் கேவலமா கீது. டீவியேஷன் போட்டுக்கலாம்."

"கஸ்டமர் கையெழுத்து வேணுமே."

"நாளைக்கு குந்திகினு கேக்கப்போறது நாங்கதானே? நாங்கதான் சார் கஸ்டமர்."

ஷிஃப்ட் முடிவதற்குள் சீட்டின் இரண்டு பக்கமும் கையெழுத்தால் நிரம்பிவிட்டது. அவரிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவன் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு போட்டான். ஏற்கும் காரணம் என்ற இடத்தில் தனசேகர் அண்ணன் 'நம்ம சார்' என்று எழுதியிருந்தார். கீறல் சார் அதைப் படித்துவிட்டு, காரணம் செல்லாது என்றார். ஆனால் ரம்பத்தை உள்ளே வைத்துவிட்டார்.

மறுநாள் எல்லா மிஷினிலும் சந்தனம், குங்குமம். மேனேஜர் கிதாரையும் பார்த்துவிட்டு, பூஜைக்காக எவ்வளவு அழகாகப் பொட்டு வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். சும்மா இருந்திருக்கலாம். கீறல் சார் மைக்கைப் பிடித்து ஒன்பது குறையையும் வரிசையாக விளக்கிவிட்டுத்தான் வாசிக்க உட்கார்ந்தார். அவருக்கு வாசிக்கத் தெரிந்ததே ஒரு மெட்டுதான். அதையே மூன்று தடவை வாசித்தார். மூன்று தடவையும் விசில் பறந்தது.

பொங்கல் பொட்டலம் வாங்கப் போனபோது கிதாரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். முன்பலகையின் நட்டநடுவில், என் வார்னிஷுக்குள், கால் ஆறும் விரித்தபடி ஒரு கொசு ஒட்டிக்கொண்டிருந்தது. குருடனுக்கும் தெரியும். அதைச் சுற்றி வட்டம் இல்லை. தன்னுடைய தப்பு ஒன்றைக்கூட விடாமல் பிடித்த அந்த மகா கண், என்னுடையதை மட்டும் பார்க்காத மாதிரி போயிருக்கிறது. அவர் திரும்பி வருவதைப் பார்த்ததும், அந்தக் கொசுவை என் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.