முடிவை முன்னுக்குச் சொல்லாத அண்ணை

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் நான், என் மனைவி, ஒரு சிங்களக் காவலாளி. உள்ளே நெஞ்சுவலியோடு அப்பா. ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். மருந்து வாசம் பட்டாலே எனக்குத் தலை சுற்றும் என்பதால் முடிச்சு அண்ணையை அனுப்பினேன். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமில்லாத ஆள் கொழும்பு முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்காது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர். பகலில் ஹாட்வெயர் கடையில் கணக்கு எழுதுவார். மற்ற நேரமெல்லாம் சிறுகதை. கதைக்கு முடிச்சுத்தான் உயிர் என்பார்; அந்தப் பெயரும் அதனால் வந்ததுதான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அதெல்லாம் ஏறாது. "பைப்பில தண்ணி வருதோ அண்ணை?" என்று கேட்டால்கூட, "அதை இப்பவே சொன்னா சுவாரசியம் போயிடும்" என்பார்.

ஒருவழியாக வெளியே வந்தார்.

"அண்ணை, அப்பா எப்பிடி?"

"பொறும். முதல்ல லிஃப்ட். வேலை செய்யேல்லை. படி ஏறினன். மேல ஒரு நேர்ஸ், கையில ஊசி…"

"ஆள் இருக்கிறாரோ இல்லையோ?"

"உச்சத்தை முன்னுக்கே சொன்னா, நான் படி ஏறினதுக்கு என்ன பெறுமதி?"

"அண்ணை, உங்கட கதையைக் கொண்டுபோய்க் கடலில போடுங்கோ! மாமா எப்பிடியெண்டு சொல்லுங்கோ!" என்று மனைவி கத்தினாள்.

"இந்த இடத்தில கொஞ்சம் பின்னுக்குப் போவம். உங்கட மாமா எனக்கு அறைச் சாவி தந்த நாள்…"

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மனதுக்குள் செத்தவீட்டுப் பந்தல்கூடப் போட்டாயிற்று. ஒரு சொல் தமிழ் தெரியாத காவலாளியோ அண்ணையின் கையசைவிலேயே மயங்கி, "ஈட்ட பஸ்ஸே?" என்றான். பிறகு என்ன என்று கேட்கிறானாம்!

கடைசியில்தான் முடிச்சை அவிழ்த்தார். "கண்ணைத் திறந்து, 'என்ர கண்ணாடி எங்கை?' எண்டு கேட்டார்."

அழுதுகொண்டே ஏசினேன். அண்ணை என் தோளில் கை வைத்தார். "தம்பி, கெட்ட முடிவெண்டா நான் சோடிக்க மாட்டன். ஒரு சொல்லில சொல்லிப்போடுவன். நான் சுத்தினா, ஆள் சுகம் எண்டு விளங்கிக்கொள்ளும்."

போன மாதம் அண்ணையையே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நானே உள்ளே போனேன்.

"எப்பிடி அண்ணை?"

"இருக்கிறன்."

ஒரே சொல். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. முதல்ல இருந்து சொல்லுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கையைத் தூக்கி, "அண்டைக்கு வெள்ளவத்தையில நல்ல மழை…" என்று தொடங்கினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.