நாலுவிடையும் கிழக்கு மலையும்

உலகத்தில் ஒரு கேள்வியைச் சும்மா கேட்கத் தெரியாத ஒரே பிறவி, சித்தூர்க் கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவள்தான். சாப்பிடப் போகலாமா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

“இன்னைக்குச் சாம்பார்ல கெடக்கது என்ன? அ, முருங்கக்கா. ஆ, வெள்ளரிக்கா. இ, வெறுந்தண்ணி. ஈ, நேத்தைய சாம்பார்” என்பாள். விடை சொன்னால்தான் வாசலை விட்டு நகர்வாள். விடுதியில் அவள் பெயரே நாலுவிடை. வார்டன் டீச்சர்கூட மறந்துபோய் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒருமுறை காய்ச்சலோடு போனவள், என்ன செய்கிறது என்று கேட்ட டாக்டரிடம் நாலு நோயை வரிசையாகச் சொல்லி, “ஒண்ணுதான் சரி, நீங்களே கண்டுபிடிங்க” என்றாள். அன்று ஊசி கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

அவள் குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். நான் கொழிஞ்சாம்பாறை. அப்பா தென்னை ஏறுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். இதைப் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூடச் சொல்லிவிடுவேன்.

கடைசி வருடம் அவளுக்கு ஒரு பித்துப் பிடித்தது. கணினித் திரையில் வானத்தைக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. ஊரையும் நேரத்தையும் கொடுத்தால், அங்கே அப்போது தெரியும் நட்சத்திரங்களையும் கோள்களையும் வரைந்துவிடும். இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து திருத்தலாம். அதில் பிள்ளைகளுக்காக ஒரு வினாடி வினாவைச் சேர்க்கக் கிளம்பினாள். நிரல் அவளுடையது. வினாக்களின் தமிழ் என்னுடையது. அதில் ஒரு சொல்லைக்கூட யாரும் இன்றுவரை மாற்றவில்லை.

மென்பொருளைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் எங்கெங்கோ நாடுகளில் இருந்தார்கள். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஒரு வகுப்புப் பிள்ளைகள் யார் உதவியும் இல்லாமல் அதை விளையாட வேண்டும். குழம்பினால் சேர்க்க முடியாது. அவளுடைய ஒரு வருட உழைப்பு அந்த ஒரு வரியில் தொங்கியது.

சரிபார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் ஊர் வானம் அடிவரை திறந்து கிடக்கும். வாசலில் நின்று பார்த்தால், மேற்கே ஒரு கோணல் தென்னையைத் தவிர மறைக்க எதுவுமில்லை. திரையில் உதித்தது வானத்திலும் உதித்தது.

“காப்பித்தண்ணி வேணுமா சாமி?” என்றாள் அம்மா.

“அ, வேணும். ஆ, கண்டிப்பா வேணும்...”

அம்மா என்னைத் தனியே இழுத்தாள். “ஏங்கண்ணு, இந்தப் புள்ளைக்கு மந்திரிச்சு உடோணுமா?”

“அஞ்சாவதா ‘இதுல எதுவுமில்ல’ன்னு ஒண்ணு வெக்கலாமல்லோ புள்ள?” என்று நான்தான் அன்று அவளிடம் கேட்டேன்.

“ஏட்டி, அது சோம்பேறி விடை. நாலுல ஒண்ணு சரியா இருந்தே தீரணும்” என்றாள்.

தான் படித்த தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியையே சோதனைக்குத் தேர்ந்தெடுத்தாள். பொழுது சாயும் நேரம். முற்றத்தில் பிள்ளைகள் மடிக்கணினியை மொய்த்துக்கொண்டார்கள். நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்று தள்ளி நின்றோம். முதல் வினாக்கள் பறந்தன. அப்புறம் இது வந்தது: ‘இப்போது கிழக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே தெரியும் கோள் எது? வெளியே பார்த்துச் சொல்.’

பிள்ளைகள் கிழக்கே பார்த்தார்கள். திரையைப் பார்த்தார்கள். மறுபடியும் கிழக்கே பார்த்தார்கள். ஒரு விரல்கூட அசையவில்லை.

நாலுவிடையால் பொறுக்க முடியவில்லை. “ஏன் அமுக்க மாட்டேங்கியோ?”

“நாலுமே தெரியலையே அக்கா” என்றாள் முன்னால் இருந்த சிறுமி.

“பொறவு என்னதான் தெரியுது?”

“மலை.”

“மலைதான்க்கா!” என்றது மொத்த வகுப்பும்.

கிழக்கே மலை, பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மென்பொருளுக்கு நிலம் எங்கும் தட்டை. அந்த மலையின் நிழலிலேயே வளர்ந்தவள், எங்கள் சமவெளியில் எல்லாம் சரியாக இருந்த சந்தோஷத்தில் அதை மறந்தே போயிருந்தாள்.

“சொந்த ஊரு மலைய மறந்தது ஆரு? அ, நீயி. ஆ, நீயி...” என்று ஆரம்பித்தேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

“போச்சுட்டி. பிள்ளைங்க குழம்பிட்டாங்கன்னுதான் எழுதணும்.”

“புள்ளைங்க எங்க குழம்புச்சுங்க? பாத்ததச் சொல்லுச்சுங்க. உன்ர கேள்விதான் குழம்பிப்போச்சு.”

நடந்ததை அப்படியே, மலையின் படத்தோடு எழுதி அனுப்பினாள். அந்த வாரமே ஐந்தாவது விடையும் பிறந்தது: ‘உ, எங்கள் ஊரில் அது மறைந்திருக்கிறது.’ விளையாடும் முன் பிள்ளைகள் தங்கள் ஊர் அடிவானத்தைத் தாங்களே வரைந்துகொள்ளவும் இடம் வைத்தாள். மறுபடி போனபோது அந்தச் சிறுமி வரைந்த மலையில் வானத்துக்கு இடமே இல்லை. ஆனால் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் விளையாடி முடித்தார்கள். எங்கள் ஊரிலும் மலைதான் என்று தன்னார்வலர் ஒருவர் பதில் எழுதினார். வினாடி வினா உள்ளே போனது.

அவள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் புதிய பதிப்பை இறக்கித் திறந்தேன். அடிவானம் வரைவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மாதிரிப் படம் வைத்திருந்தாள். அவள் மலை இருக்கும் என்று நினைத்தேன். தட்டையான நிலம், மேற்கே ஒரே ஒரு கோணல் தென்னை.

அப்பா எட்டிப் பார்த்து, “அட, நம்ம மரமல்லோ!” என்றார்.

ஏன் என்று கேட்டு அவளுக்கு எழுதவில்லை. கேட்டால் நாலு விடை வரும். எனக்கு அந்த ஒரு மரம் போதும்.