தேராவில் ஒரு கிழவர் தேவை

"ஞாயித்துக்கிழமை மட்டும் கிழவரா இருந்தா போதும் காக்கா. மத்த நாளெல்லாம் நீங்க எப்பிடி வேணும்னாலும் இருந்துக்கிடுங்க."

துபாய் தேரா மசாலாச் சந்தையில் ஏலக்காய் நிறுத்துக்கொண்டிருந்த கௌஸ் முகைதீனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் காயல்பட்டினத்துக்காரர். காக்கா என்றால் அவர்கள் பக்கத்தில் அண்ணன். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டு அதே மூச்சில் கிழவன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"எனக்கு அம்பத்து நாலு வயசு தம்பி. என்னப் பாத்தா கிழவனாட்டமா ஈக்குது?"

"இல்லியே. அதுதான் இப்ப சங்கடம்" என்றார் நேசையன், உண்மையான வருத்தத்தோடு.

நேசையன் குளச்சல் பக்கம். துபாயில் ஒரு வீட்டில் எட்டு வருஷமாக டிரைவர். வீட்டுக்காரர்கள் மும்பைக்குப் பக்கத்துத் தானேயிலிருந்து வந்த யூதர்கள். அவரோடு பேசுவது ஹிந்தியில், கூப்பிடுவது நேசன் பாய் என்று. வேலைக்குச் சேர்ந்த அன்று, ஞாயிறு பள்ளியில் படித்த யூதர்களை நேரில் பார்க்கப் போகிறோம் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். போனால், ஏசியை எத்தனையில் வைப்பது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று யாரும் வண்டியில் ஏறமாட்டார்கள் என்று தெரிந்ததும் அந்தக் கட்டளையைக் கொண்டுவந்த மோசேயின் மேல் அவருக்கிருந்த மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது.

அந்த வீட்டுப் பெண் ஷரோனாவுக்குப் பன்னிரண்டு வயது ஆகப்போகிறது. அன்றிலிருந்து வேதக் கட்டளைகளுக்கு அவளே பொறுப்பு. பாத் மிட்ஸ்வா என்று விருந்து வைத்துக் கொண்டாடுவார்கள். அதற்கு முன்னால் பிள்ளை ஏதாவது ஒரு சேவை புராஜெக்ட்டைச் செய்து முடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய வேத வகுப்பின் ஏற்பாடு. அவளுடைய கூட்டாளி ஒருத்தி பழைய புத்தகம் சேர்த்தாள். இன்னொருத்தி கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினாள்.

"ஷரோனா ஒரு பெரியவரோட பன்னிரண்டு ஞாயிறு இருக்கப்போறாளாம்" என்று காரில் போகும்போது ஷரோனாவின் அம்மா, வீட்டுக்கார மேடம், சொன்னாள். "கூட உட்கார்ந்து சாப்பிடணும், பேசணும், அவருக்கு என்ன வேணுமோ செய்து கொடுக்கணும். அறுபதை ஒட்டின ஆளா இருந்தா நல்லது. உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது உண்டா, நேசன் பாய்?"

அறுபது என்ற சொல் காதில் விழுந்ததும் வண்டி ஒரு முழம் விலகி ஓடியது.

"இருக்கார் மேடம்! தேராவுல ஒருத்தர் இருக்கார். ரொம்பக் கிழம்!"

விஷயம் இதுதான். நேசையனுக்கே நாலு மாதத்தில் அறுபது. அறுபது ஆன வீட்டு டிரைவருக்கு விசா புதுப்பிப்பது கஷ்டம், விசா கொடுக்கிற கஃபீல் மனசு வைத்தால்தான் உண்டு என்று முவைலாவில் அவர் தங்கியிருந்த ரூமில் தினமும் பேச்சு. மகள் அக்ஸா நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று தலைக்கும் மீசைக்கும் வாராவாரம் மை பூசி, கேட்டவர்களிடமெல்லாம் ஐம்பத்திரண்டு என்று சொல்லி வந்தார். அந்த வீட்டில் அறுபது என்ற பேச்சு வந்தால் அது வேறு யார் தலையிலாவது போய் உட்காரட்டும் என்று நினைத்துத்தான் வாயை விட்டார்.

விட்டாரே தவிர, கிழவருக்கு எங்கே போவது? துபாயில் நம் ஆட்கள் கிழவர்களாவதில்லை. நாற்பத்தைந்திலேயே பல வருஷம் நின்றிருந்துவிட்டு, விசா கேன்சலாகி ஊரில் போய் இறங்கியதும் மொத்தமாகக் கிழவராகிவிடுவார்கள். ரூமில் எட்டுப் பேர். எட்டு மீசையும் கறுப்பு. "இங்க வயசான ஆளு யாராவது உண்டுமா?" என்று அவர் கேட்டதற்கு இரண்டு பேர் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

மிச்சம் இருந்தவர், மசாலா வாங்கப் போய்ப் பழகிய கௌஸ் முகைதீன்தான். கோபக்காரர், ஆனால் இளகிய மனசு.

"சின்னப் புள்ள காரியம்ங்கிற. சரி வுடு. பன்னெண்டு வாரந்தானே" என்று தாடியில் முகப் பவுடரை அப்பிக்கொண்டார்.

முதல் ஞாயிறு, கடையின் பின்னறையில் ஒரு ஸ்டூலில் முதுகை வளைத்து, கையில் கம்போடு உட்கார்ந்திருந்தார். ஷரோனா தன் ஆறு வயதுத் தம்பி ஏலியாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு பெரிய டிபன் கேரியரையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரியவருக்கு என்ன பிடிக்கும் என்று அவள் முன்னாலேயே கேட்டிருந்தாள். கௌஸ் முகைதீனுக்கு என்ன பிடிக்கும் என்று நேசையனுக்கு எப்படித் தெரியும்? தனக்குப் பிடித்ததைச் சொல்லிவைத்தார். சாளைமீன் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு.

"சாளை எனக்கு ஆகாதே தம்பி" என்று கௌஸ் முகைதீன் காதைக் கடித்தார்.

"ரெண்டு வாய் தின்னுங்க காக்கா. பிள்ளைக்க முகம் வாடிரப்பிடாது."

அவர் இரண்டு வாய் தின்றார். மிச்சத்தையெல்லாம் நேசையன் தின்றார். வழக்கமாகக் காருக்குள் தனியாக உட்கார்ந்து பொட்டலம் பிரித்துத் தின்கிற மனிதர். வீட்டுக் குழம்பை வட்டமாக உட்கார்ந்து தின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது ஞாயிறே ஆபத்து வந்தது. பேச்சு சுவாரசியத்தில் இருந்த கௌஸ் முகைதீன், வெளியே வாடிக்கையாளர் சீரகம் கேட்டதும், கம்பை வீசிவிட்டு ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். ஷரோனா வாயைப் பிளந்தாள்.

"தாத்தாவுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு அங்கிள்?"

"வெளியே அப்படித்தான் தெரியும் பாப்பா. வியாதியெல்லாம் உள்ளே இருக்கு" என்று நேசையன் அவசரமாக ஒரு போடு போட்டார்.

போட்டதன் பலன், மூன்றாவது ஞாயிறு அவள் தன் தாய்மாமனைக் கூட்டி வந்தாள். அவர் டாக்டர்.

"பெரியவர் பயப்படுவார். நேசன் பாய், முதல்ல நீங்க உட்காருங்க. உங்களைப் பார்த்தா அவருக்குத் தைரியம் வரும்" என்றார் டாக்டர்.

இப்படியாக, கௌஸ் முகைதீனுக்குத் தைரியம் வருவதற்காக நேசையன் ஒரு வாரம் பிரஷர் பார்த்துக்கொண்டார். ஒரு வாரம் ரத்தம் கொடுத்தார். ஒரு வாரம் மெடிக்கல் சென்டரில் போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டார். எங்கேயோ ஒரு கவுன்டரில் கைரேகை கூட வைத்தார்; தைரியத்துக்கும் கைரேகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. கிழவர் வேஷம் கலையாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"நல்ல கூத்து தம்பி இது. எனக்குக் கண்ணு பாக்க வந்த டாக்டரு உனக்குக் கண்ணாடி எழுதிக் குடுத்துட்டுப் போறாரு. என்னை உக்காத்தி வச்சிட்டு நீயே திங்கிறே. நா எதுக்குத்தான் பவுடர் பூசிட்டு ஈக்கிறேன்?" என்று கௌஸ் முகைதீன் பொரிந்தார்.

பத்தாவது ஞாயிறு அவருக்கே வினை வந்தது. கடையின் முதலாளி, அவர்கள் பேச்சில் அர்பாப், ஒரு முதிர்ந்த அரபி, தங்கமான மனிதர். தன் ஆளைத் தேடி வாராவாரம் டாக்டர் வருகிறார் என்று பக்கத்துக் கடைக்காரன் யாரோ ஓதிவிட்டிருந்தான். வந்து பார்த்தால் வெள்ளைத் தாடி, வளைந்த முதுகு, கையில் கம்பு. அர்பாபுக்குக் கண் கலங்கிவிட்டது.

"முகைதீன், இருபது வருஷம் எனக்காக உழைச்சுட்டே. கலாஸ், போதும்! இனி ஊரில் பிள்ளைகளோட இரு. டிக்கெட் நான் போடறேன்."

"எனக்கு மாஃபி வியாதி அர்பாப், ஒரு வியாதியும் இல்ல!" என்று கௌஸ் முகைதீன் பதறி எழுந்து, நிரூபிப்பதற்காகக் கையில் கிடைத்த மூட்டையைத் தூக்கினார். அது மிளகாய்த்தூள் மூட்டை. ஓரம் பிரிந்து மூக்கில் ஏற, ஐந்து நிமிஷம் நிற்காமல் இருமினார். அர்பாப் அவரைத் தன் கையாலேயே தண்ணீர் குடிக்கவைத்து, டிக்கெட்டைப் பதினாறு நாள் கழித்து வருகிற செவ்வாய்க்கே போட்டுவிட்டார்.

பன்னிரண்டாவது ஞாயிறு மதியம், ஷரோனாவின் விருந்து. வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். முதல் வரிசையில் "பெரியவருக்கு" என்று ஒரு மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள். நேசையன் அதைப் பார்க்கவே பயந்து கேட்டருகில் நின்றார். போன இரண்டு வாரமாக கௌஸ் முகைதீன் அவருடைய போனை எடுக்கவில்லை.

வந்தார். கம்பு இல்லை, பவுடர் இல்லை. கறுகறுவென்ற தாடியோடு விறுவிறுவென்று நடந்து வந்தார்.

"மேடம், பாத்துக்குங்க, நா கிழவன் இல்ல! எனக்கு அம்பத்து நாலு! நாளை மறுநாள் ஏர்போர்ட்டுல என்னைக் கொண்டுபோய்த் தள்ளப்போறாங்க. ரெண்டு புள்ளைங்க படிச்சிட்டு ஈக்கிது. எல்லாம் இந்தத் தம்பி பண்ணின வேலை!" என்று அவர் ஹிந்தியும் தமிழுமாகக் கத்தினார்.

பாட்டு நின்றது. எல்லோரும் நேசையனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நினைத்திருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம்; மூன்று மாதத்தில் நல்ல பழக்கம் ஆகியிருந்தது. ஆனால் கௌஸ் முகைதீனின் முகத்தைப் பார்த்தார். தன் வேலைக்குப் பயந்து இன்னொருவன் வேலையைக் காவு கொடுத்துவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

"இவர் சொல்றது உண்மை மேடம்" என்றார். "இவர் கிழவர் இல்ல. கிழவன் நான்தான். வர்ற மாசம் அறுபது. தெரிஞ்சா அனுப்பிருவீங்கன்னு பயந்து இவரைக் கொண்டுவந்து உட்கார வச்சேன். பாப்பாவோட சேவையையும் கெடுத்துட்டேன். என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க, இவரைக் காப்பாத்திக் கொடுங்க."

டாக்டர் உடனே முன்னால் வந்தார். "அர்பாப்கிட்ட நானே வர்றேன். இவர் என்னையே தூக்கிட்டு ஓடுவார்னு எழுதித் தர்றேன்."

கௌஸ் முகைதீனுக்கு மூச்சு வந்தது. வந்த பிறகுதான் மற்றது உறைத்தது.

"அறுபதா? அட பாவி, என்னைய இத்தன நாளும் காக்கா காக்கான்னியே!"

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்க வயசு எங்களுக்குத் தெரியாதா, நேசன் பாய்? எட்டு வருஷமா உங்க விசாவுக்கு ஓடறது நான். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி போட்டிருக்கே."

நேசையன் கார் சாவியை எடுத்து நீட்டினார். "அப்போ... கேன்சலா மேடம்?"

"என்ன கேன்சல்? போன வாரமே புது விசா வந்தாச்சு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கீங்க. அதுக்கு வேண்டிய டெஸ்ட், லெட்டர் எல்லாத்துக்கும் இந்தப் பொண்ணுதான் மூணு மாசமா..."

"அம்மா!" என்று ஷரோனா ஓடிவந்து மேடத்தின் வாயைப் பொத்தினாள். நேசையன் ஒன்றும் புரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கையில் கேக்கோடு நின்ற ஏலியா, அக்காளின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"போச்சு அக்கா! உதவி வாங்கறவருக்குத் தெரியவே கூடாதுன்னு வேத வகுப்புல ரப்பி சொன்னாரு இல்ல? இப்போ உன் புராஜெக்ட்டுக்கே விஷயம் தெரிஞ்சுபோச்சு!"